சப்பாணிப் பருவமும் ஒரு சாவிக்கொத்தும்

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. ஆபீஸ் ஆணியோட சேர்ந்து வீட்லயும் ஒரு குட்டி ஆணி. மகளுக்கு இப்ப பதினஞ்சு மாசம். இந்தப் பதிவே அவளால வந்தது.

பொண்ணு பிறந்ததும் ஒரு சாஃப்ட்வேர் ஆசாமி என்ன செய்வானோ அதையே நானும் செஞ்சேன். ஒரு எக்செல் ஷீட் திறந்தேன் :-) ஒரு காலத்துல மாசம், அடுத்ததுல எடை, அப்புறம் சிரிச்சது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது. எட்டாவது மாசம் வரைக்கும் எல்லாம் பச்சை. ஒன்பதாவது மாசம் 'தவழ்தல்'னு ஒரு கட்டம் வந்தது, காலியாவே நின்னது. பத்து, பதினொண்ணு, அப்பவும் காலி. அம்மணி தவழவே இல்லை. உட்கார்ந்த வாக்குலயே ஒரு கையை ஊன்றி, படகு தள்ளுற மாதிரி பின்பக்கத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஹாலைச் சுத்தி வந்தா. பார்க்க சிரிப்பா இருந்தது, ஆனா எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு.

"உனக்கே நடக்க பதினாலு மாசம் ஆச்சுடா, சும்மா இரு" இது அம்மா. "ஒரு வாக்கர் வாங்கிப் போடுங்க மாப்ள, ரெண்டே வாரத்துல ஓடுவா" இது மாமியார். தங்கமணி மட்டும் எதுவும் சொல்லல. நான் எக்செலை மூடித் தூங்கின பிறகு அவங்க மொபைல்ல தேடிட்டு இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

குழந்தை எந்த மாசத்துல எதைச் செய்யணும், இதை முதல்ல கணக்குப் போட்டது யாரு? எப்பக் கவலைப்படணும்னு கோடு கிழிச்சது யாரு? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுல கிடைச்ச கதைதான் கீழே. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல் அட்டவணை நம்ம ஊர்லதான்

எல்லாருக்கும் ஸ்கூல்ல பிள்ளைத்தமிழ் பாடம் இருந்திருக்கும். பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. இந்த ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதுக்கப்புறம் ஆண்பால்ல சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பால்ல கழங்கு, அம்மானை, ஊசல். ரெண்டு மார்க் கேள்விக்காக நான் மனப்பாடம் பண்ணினேன், ஒண்ணும் புரியாமலே.

தகப்பன் ஆன பிறகு அதே பட்டியலைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு. பாட்டியல் மரபுல சொல்ற ஒரு கணக்குப்படி மூணாம் மாசம் காப்பு, அஞ்சுல செங்கீரை, ஏழுல தால், ஒன்பதுல சப்பாணி, பதினொண்ணுல முத்தம், பதிமூணுல வருகை, பதினஞ்சுல அம்புலி. இப்படி ஒற்றைப்படை மாசமாவே இருபத்தொண்ணு வரைக்கும் போகும். செங்கீரைன்னா ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுறது. சப்பாணின்னா உட்கார்ந்து ரெண்டு கையையும் சேர்த்துக் கொட்டுறது. வருகைன்னா தளர்நடை போட்டு வா வான்னு கூப்பிடுறது. அம்புலின்னா நிலாவைக் காட்டி விளையாட அழைக்கிறது. கழுத்து நிற்குறது, கை சேர்றது, நடக்குறது, தூரத்துல இருக்கிறதைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறது. எந்தக் குழந்தை மருத்துவரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே வரிசையைத்தான் சொல்வார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். பதினேழாம் நூற்றாண்டுல குமரகுருபரர் மதுரை மீனாட்சி மேல பாடினார். பாட்டுடைத் தலைவர் ராஜாவோ சாமியோ, யாரா இருந்தாலும் பாட்டு முழுக்க ஒரு வீட்டுக் குழந்தையை நாள்கணக்கா உட்கார்ந்து பார்த்தவங்களோட கவனம் இருக்கு.

ஆனா ஒரு எஞ்சினியரா எனக்கு இதுல ஒரு குறை தெரிஞ்சது. பிள்ளைத்தமிழ்ல எந்தக் குழந்தையும் லேட் ஆகாது. ஒன்பதாம் மாசம்னா மீனாட்சி கை கொட்டியே ஆகணும். பருவத்துக்கு ஒரு மாசம் உண்டு, 'இந்த மாசத்துல இருந்து இந்த மாசத்துக்குள்ள'ன்னு ஒரு இடைவெளி கிடையாது. பாட்டுக்கு அது தேவையும் இல்லை. ஆனா என் மகளுக்கு அந்த இடைவெளிதான் வேணும்.

ஒரு பிள்ளை, ஒரு டைரி

அடுத்து கடல் தாண்டணும். 1839 டிசம்பர் 27 அன்னிக்கு சார்லஸ் டார்வினுக்கு முதல் பையன் வில்லியம் பிறந்தான். மனுஷன் உடனே டைரி எழுத ஆரம்பிச்சுட்டார். எப்பத் தும்மினான், எதுக்குத் திடுக்கிட்டான், எப்பக் கோபம் வந்ததுன்னு எல்லாம் பதிவு. பல வருஷம் அது பெட்டியிலயே தூங்கினது. 1877-ல 'மைண்ட்' பத்திரிகையில ஒரு சின்னக் கட்டுரையா வெளியிட்டார். பரிணாமத்தையே கண்டுபிடிச்ச ஆளும் நம்மள மாதிரிதான் பிள்ளையைப் பார்த்து நோட்டுப் போட்டிருக்கார்னு தெரிஞ்சப்ப ஒரு ஆறுதல் :-)

ஆனா டார்வினோட சாம்பிள் சைஸ் ஒண்ணு. ஒரு குழந்தையை வெச்சு இன்னொரு குழந்தை லேட்டா இல்லையான்னு சொல்ல முடியாது. அதுக்குப் பல குழந்தைங்க வேணும். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல 1911-ல ஆர்னால்ட் கெசெல் இதுக்குன்னே ஒரு கிளினிக் ஆரம்பிச்சார். குழந்தைகளை சினிமா கேமராவுல பிடிச்சு, மாசவாரியா என்ன செய்யறாங்கன்னு வகைப்படுத்தினார். 1967-ல டென்வர் நகரத்துல ஃபிராங்கன்பர்க்கும் டாட்ஸும் அந்த ஊர்க் குழந்தைங்க 1,036 பேரைப் பார்த்து ஒரு சார்ட் போட்டாங்க. பிள்ளைத்தமிழ்ல இல்லாத விஷயம் அங்கதான் வந்தது. ஒவ்வொரு திறமைக்கும் ஒரு புள்ளிக்குப் பதிலா ஒரு பட்டை. நாலுல ஒரு குழந்தை செய்யுற வயசு ஒரு முனை, பத்துல ஒன்பது குழந்தை செய்து முடிக்கிற வயசு இன்னொரு முனை. அந்தப் பட்டைக்குள்ள எங்க இருந்தாலும் குழந்தை நார்மல்தான்.

சரி, டென்வர் குழந்தையை வெச்சு செம்பரம்பாக்கம் குழந்தையை அளக்கலாமா? இந்தக் கேள்வி நம்ம நாட்டுலயும் வந்தது. பரோடாவுல பிரமிளா பாதக் குழுவினர் பல வருஷம் இந்தியக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, பேலி அளவுகோலுக்கு இந்தியக் கணக்கு உண்டாக்கினாங்க. அதுல இருந்து 17 அயிட்டத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, எம்.கே.சி.நாயர் குழுவினர் திருவனந்தபுரத்துல ஒரே பக்கத்துல ஒரு சார்ட் போட்டாங்க. 1991-ல இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்தது. பேரு திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை. பிறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும்.

இதோட எளிமை என்னைக் கட்டிப்போட்டது. குழந்தையோட மாசத்துல பென்சிலை வெச்சு மேலிருந்து கீழே ஒரு கோடு போடணும். கோட்டுக்கு இடது பக்கமா முடிஞ்சுபோன பட்டை எதையாவது குழந்தை இன்னும் செய்யலைன்னா டாக்டர்கிட்ட அனுப்பணும். அஞ்சு, ஏழு நிமிஷ வேலை. டாக்டர் வேண்டாம், ஒரு அங்கன்வாடி ஊழியர் போதும். தேவையான உபகரணம்? ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து. அவ்வளவுதான்!

அந்த 17-ல ஒண்ணு கை கொட்டுறது. நம்ம சப்பாணி! இன்னொண்ணு சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்புறது. இந்த ரெண்டாவதைப் படிச்சதும் நான் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். ஏன்னு சொல்றேன்.

கொஞ்சம் கொசுவத்தி

எங்க அப்பாவோட தங்கச்சி பையன் என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். ரெண்டு வயசாகியும் பேசல. "அவங்க தாத்தா மூணு வயசுலதான் வாயைத் திறந்தாராம், பரம்பரை"ன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. மூணு வயசும் ஆச்சு. "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." கூப்பிட்டா திரும்புறானே, காது கேட்காம எப்படி? அதான் யாருக்கும் சந்தேகம் வரல. பின்னால நடந்து வரும்போது தரை அதிர்றதையும், நிழல் விழுறதையும் வெச்சுத்தான் அவன் திரும்பியிருக்கான். நாலு வயசுல, 1999-ல, ஒரு பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போன இடத்துல டீச்சர் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார். ரெண்டு காதும் கிட்டத்தட்ட முழுசாக் கேட்காது.

அவன் இன்னிக்கு நல்லா இருக்கான். வேலை, கல்யாணம், எல்லாம் உண்டு. சைகை மொழியில அவன் ஜோக் சொன்னா நான்தான் லேட்டா சிரிப்பேன். ஆனா அத்தை மட்டும் அந்த நாலு வருஷத்தை இன்னும் இறக்கி வைக்கல. திருவனந்தபுரம் சார்ட் பத்தி நான் போன்ல சொன்னப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "சாவிக்கொத்து எங்க வீட்டு ஆணியிலயே தொங்கிட்டு இருந்துச்சேடா"ன்னாங்க.

அந்த சார்ட் அச்சாகி அப்ப எட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஏரியும் எடையும்

எங்க ஊர்க்காரங்களுக்கு அளவுகோல் பார்க்கறது புதுசில்ல. செம்பரம்பாக்கம் ஏரி முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஐப்பசி, கார்த்திகை வந்தா ஊர்ல குசலம் விசாரிக்கறதே "இன்னிக்கு எத்தனை அடி?"தான். 2015 டிசம்பர் 1 அன்னிக்கு விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்ட கதை சென்னைக்கே தெரியும். அப்ப நான் காலேஜ் முதல் வருஷம். அன்னிக்கு ஊர்ல எல்லாரும் கத்துக்கிட்டது ஒண்ணு. ஏரி எத்தனை அடி இருக்குங்கறது மட்டும் போதாது, எவ்வளவு வேகத்துல ஏறுதுன்னும் பார்க்கணும். நின்ன மட்டத்துல 22 அடி பயமில்லை, மழை கொட்டும்போது அதே 22 அடி பயம்.

குழந்தை எடையிலயும் இதே கதைதான். நைஜீரியாவுல இமேசி-இலே கிராமத்துல வேலை பார்த்த டேவிட் மார்லிங்கற டாக்டர், தாய்மார் கையிலயே இருக்கிற மாதிரி ஒரு எடை அட்டையை உருவாக்கினார். மாசாமாசம் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. கோடு மேல போகுதா, படுத்துக்கிச்சா, கீழ இறங்குதா, இதுதான் கேள்வி.

இதைப் பெரிய அளவுல செஞ்சு பார்த்த இடங்கள்ல ஒண்ணு தமிழ்நாடு. 1980-ல உலக வங்கிக் கடனோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பிச்சது. 6 மாசத்துல இருந்து 36 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைகளை மாசாமாசம் ஊர்லயே எடை போட்டாங்க. எடை ஏறாம நின்ன குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு, அம்மாவுக்குத் தனியா ஆலோசனை. எடை தேறினா நிறுத்திடுவாங்க. ஏற்கெனவே மெலிஞ்ச பிள்ளையை மட்டும் தேடாம, மெலிய ஆரம்பிக்கிற பிள்ளையைப் பிடிக்கணும்ங்கறதுதான் அதோட ஐடியா. சத்துணவுன்னதும் நமக்கு 1982-ல எம்.ஜி.ஆர். கொண்டுவந்த திட்டம்தான் ஞாபகம் வரும். தராசைத் தூக்கிட்டு வீடு வீடாப் போன அந்த ஊழியர்களைப் பத்தி யாரும் படம் எடுக்கல.

2006: எல்லா ஊர்க் குழந்தையும்

அதுவரைக்கும் உலகம் முழுக்கப் பயன்பட்ட எடைக் கோடு 1977-ல வந்தது. அதுல பச்சைக் குழந்தைகளோட கணக்கு பெரும்பாலும் அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல, புட்டிப்பால் அதிகம் குடிச்ச குழந்தைகள்கிட்ட எடுத்தது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை சில மாசத்துக்கப்புறம் அந்தக் கோட்டுக்குக் கீழே போற மாதிரி தெரியும். "பால் பத்தல, டப்பாப் பால் கொடு"ன்னு அட்வைஸ் வரும். பாவம் அந்த அம்மாக்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1997-ல இருந்து 2003 வரைக்கும் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல தாய்ப்பால் குடிச்சு வளர்ந்த குழந்தைகளை அளந்தது. இந்தியாவுல தெற்கு டெல்லி. 2006 ஏப்ரல்ல புதுக் கோடு வந்தது. இப்ப நம்ம தாய் சேய் நல அட்டையில இருக்கறது அதுதான்.

அந்த ஆய்வோட கூடவே, பிரேசில் தவிர மத்த அஞ்சு நாட்டுல 816 குழந்தைங்க எப்ப எதைச் செஞ்சாங்கன்னும் எழுதி வெச்சாங்க. பிடிப்பில்லாம உட்கார்றது 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசம். தானா நிற்குறது 6.9-ல இருந்து 16.9. தானா நடக்குறது 8.2-ல இருந்து 17.6 மாசம்! ஒரு குழந்தை எட்டுல நடக்கும், ஒரு குழந்தை பதினேழரையில நடக்கும், ரெண்டும் நார்மல். கைகால் ஊன்றித் தவழ்றது? 816-ல 4.3 சதவீதம் பேர் தவழவே இல்லை. நேரா அடுத்த கட்டத்துக்குத் தாவிட்டாங்க. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் 2022-ல தன் பட்டியல்ல இருந்து தவழ்தலையே எடுத்துட்டது.

என் எக்செல்ல மாசக்கணக்கா காலியா இருந்த அந்தக் கட்டம், அது இருக்க வேண்டிய கட்டமே இல்லை.

அப்ப எப்பத்தான் கவலைப்படணும்?

இங்கதான் ரெண்டு கதையும் மோதுது. என் பொண்ணு விஷயத்துல தேவையில்லாம பயந்தேன். அத்தை பையன் விஷயத்துல தேவையானப்ப யாரும் பயப்படல. "எல்லாம் சரியாயிடும்" ஒரு வீட்ல உண்மை, இன்னொரு வீட்ல நாலு வருஷ நஷ்டம்.

சார்ட்டும் தெய்வம் இல்லை. திருவனந்தபுரம் சார்ட்டை டென்வரோட ஒப்பிட்டப்ப, தாமதம் உள்ள குழந்தைகள்ல 66.7 சதவீதம் பேரைப் பிடிச்சது. தாமதம் இல்லாதவங்கள்ல 78.8 சதவீதம் பேரைச் சரியா விட்டுவிட்டது. ஆயிரம் குழந்தையில முப்பது பேருக்கு உண்மையிலேயே தாமதம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். இருபது பேர் மாட்டுவாங்க, பத்துப் பேர் தப்பிடுவாங்க, ஒண்ணுமே இல்லாத இருநூத்திச் சொச்சம் பேரையும் டாக்டரைப் பாருன்னு அனுப்பிடும். அதனால சார்ட்ல சிவப்பு வந்தா வியாதின்னு அர்த்தம் இல்லை, டாக்டரைப் பார்க்கணும்னு அர்த்தம். பச்சை வந்தா நிம்மதின்னும் அர்த்தம் இல்லை, ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்.

ஆனா 'பொறுத்துப் பார்ப்போம்'னு சொல்லவே கூடாத சில விஷயம் உண்டு. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000-ல அஞ்சு சொன்னது: 12 மாசத்துல மழலைச் சத்தமே இல்லாதது. 12 மாசத்துல கைகாட்டுறது, டாட்டா சொல்றது மாதிரி எந்த சைகையும் இல்லாதது. 16 மாசத்துல ஒரு வார்த்தைகூட இல்லாதது. 24 மாசத்துல தானா ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாதது. அஞ்சாவதுதான் முக்கியம்: வந்த பேச்சோ, முகம் பார்த்துப் பழகுறதோ எந்த வயசுலயாவது திரும்பப் போயிடறது. கோடு கீழே இறங்குறது. ஏரி மாதிரியே தான்.

இதோட நான் டாக்டர்கிட்டக் கேட்டுச் சேர்த்துக்கிட்டது: 18 மாசமாகியும் நடக்கல, ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரே கையை மட்டும் பயன்படுத்துது, உடம்பு ரொம்ப விறைப்பா அல்லது துவண்டு இருக்கு, இதுக்கெல்லாம் காட்டணும். குறைமாசத்துல பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியில இருந்து கணக்குப் போடக்கூடாது, பிரசவத்துக்குக் குறிச்ச தேதியில இருந்து போடணும்.

காது விஷயத்துல சாவிக்கொத்தும் பத்தாது, ஓரளவு மட்டும் குறைவாக் கேட்கற குழந்தை அதுல தப்பிடும். தூங்குற குழந்தை காதுல சின்ன மைக் வெச்சு சில நிமிஷத்துல முடியற பரிசோதனை இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள சோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சைங்கறதுதான் உலகம் முழுக்கச் சொல்ற கணக்கு. இந்தியாவுல 2013-ல ஆரம்பிச்ச தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்துல வளர்ச்சித் தாமதத்தையும் காதையும் சேர்த்தே பார்க்கறாங்க. மாவட்டத்துல இதுக்குன்னு ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு. அங்கன்வாடியில கேட்டாலே வழி சொல்வாங்க.

நம்ம வீட்டு நிலவரம்

டாக்டர் மகளைத் தூக்கிப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், இடுப்பு மூட்டைப் பார்த்தார். "உட்கார்ந்து தேய்க்கிற குழந்தைங்க கொஞ்சம் லேட்டாத்தான் நடக்கும். பதினெட்டு மாசத்துல நடக்கலைன்னா கூட்டிட்டு வாங்க. வாக்கர் வேண்டாம், விழுந்து அடிபடும்"னார். கனடாவுல 2004-லயே வாக்கரைத் தடை பண்ணிட்டாங்கன்னு மாமியார்கிட்ட பணிவாச் சொன்னேன். மரத்துல ஒரு நடைவண்டி வாங்கிட்டு வந்தாங்க. பொண்ணு அதுல பொம்மையை உட்கார வெச்சு அழகு பார்க்கறா :-)

இப்ப தானா பத்து எண்ணுற வரைக்கும் நிற்கறா. 17.6-க்கு இன்னும் டைம் இருக்கு. காதுப் பரிசோதனை பிறந்தப்பவே முடிஞ்சது, ரெண்டு பக்கமும் சரி. இருந்தாலும் போன வாரம் அத்தை வீட்டுக்கு வந்தாங்க. குழந்தை பொம்மையோட பேசிட்டு இருந்தப்ப சத்தம் போடாம பின்னால போய் நின்னு, இடுப்புல சொருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து லேசா ஆட்டினாங்க.

திரும்பினா. சிரிச்சா. ரெண்டு கையையும் சேர்த்துக் கொட்டினா.

அத்தை எதுவும் பேசல. சாவிக்கொத்தை அவ கையிலயே கொடுத்துட்டு முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க.

எக்செலை அழிச்சுட்டேன். ஒரு காலம் மட்டும் நோட்ல வெச்சிருக்கேன்: 'இந்த மாசம் புதுசா என்ன?' அதுல ஏதாவது எழுதற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். சந்தேகம்னா இந்தப் பதிவைக் காட்டாதீங்க, குழந்தையைக் காட்டுங்க. "பொறு, பேசும்"னு யாராவது சொன்னா, பொறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை காதைப் பரிசோதிச்சுட்டுப் பொறுங்க.